பூ மணக்கும் வழியில் புகை

பூவிருந்தவல்லி என்றதும் உங்களுக்கு மல்லிகைதானே நினைவுக்கு வரும்? திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதனுக்குப் பூ எடுத்துப் போனதாகச் சொல்வது இந்த ஊரிலிருந்துதான். இன்று அதே திசையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் திறந்த மோட்டார்ப் பந்தயத் தடம் வரும். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்! அதற்கு முன்பெல்லாம் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில்தான் பந்தயம்.

பந்தயம் பார்த்துத் திரும்பும் பிள்ளை, "அம்மா, நம் காருக்கும் ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் போடலாமா?" என்று கேட்டால் விழிக்காதீர்கள். விஷயம் இதுதான்: காரின் புகைக்குழாயில் தேன்கூடு போல ஓர் அமைப்பு உண்டு. அதன் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். மணமே இல்லாத நஞ்சான கார்பன் மோனாக்சைடை அது கரியமில வாயுவாக மாற்றிவிடும். சென்னையில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று.

பந்தயக்காரர்கள் துளைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் உள்ள கூட்டைப் பொருத்துவார்கள். புகை தடையின்றி வெளியேறும். என்ஜினுக்குச் சற்று வலு கூடும். ஆனால் பூச்சில் புகை படும் பரப்பு குறைவதால் நஞ்சும் தப்பி வந்துவிடும். சாதாரணக் காரில் கிடைக்கும் வேகமோ சொற்பம். போதாததற்கு, கம்பெனி அமைப்பை இப்படி மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

பந்தயத் தடத்துக்கு அது சரி. பூந்தமல்லி பஸ் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறவளின் முகத்துக்கு நேரே புகை விடும் காருக்கு? பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.