மணிப்பூர் மறமகள்

புறநானூற்றில் நக்கண்ணையார் பாடல்களைப் பயின்ற நாள்முதல் ஓர் எண்ணம் எம்மை விட்டு அகன்றிலது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் வெற்றியை அவ்வம்மையார் தம் இல்லத்துப் பனையைப் பொருந்தி நின்று கண்டார். களம் புக்கவன் ஆடவன். புறத்தே நின்று கண்டவள் மங்கை. எம் ஊராகிய கம்மாபுரத்திலும் சிலம்பம் சுழற்றுவோரைப் பெண்டிர் திண்ணையில் நின்று காண்பதையே யாம் கண்டுள்ளோம்.

இம்முறை மாறியதற்குச் சான்று மேரி கோம். மணிப்பூரில் காங்கதேய் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தவர். 1998இல் பாங்காக்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் தம் மாநிலத்து டிங்கோ சிங் பொற்பதக்கம் கொண்டது கேட்டுக் குத்துச்சண்டையில் வேட்கை கொண்டார். முகம் சிதைந்தால் மணம் வாய்க்காதே என அஞ்சிய தந்தையாருக்கு மறைத்தே பயின்றார். 2000இல் மாநில வாகை சூடிய மகளின் படத்தைச் செய்தித்தாளிற் கண்டே அவர் உண்மையுணர்ந்தார். (எம் ஊர்த் தந்தையர்க்குச் செய்தித்தாள் வேண்டா, தேநீர்க் கடையே போதும்.) அடுத்த ஆண்டு நம் சென்னையில் நிகழ்ந்த மகளிர் தேசியப் போட்டியிலும் அவர் பொன் பெற்றார்.

2002 முதல் 2010 வரை ஐந்து முறை உலக வாகை. அவற்றுள் நான்காவது, 2007இல் இரட்டை மக்களை ஈன்றபின், மறு ஆண்டே சீனத்து நிங்போ நகரில் பெற்றது.

நிற்க. எம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை முதன்முதல் இடம்பெற்றது 2012இல், லண்டனில். ஆடவர்க்குப் பத்து நிறைப்பிரிவுகள் வகுத்தோர் மகளிர்க்கு மூன்றே வகுத்தனர்: 51, 60, 75 கிலோ. மேரி கோம் பட்டம் வென்றனவோ 45, 46, 48 கிலோப் பிரிவுகள். மூன்று கிலோ என்ன பெரிது என்பார் உளர். குத்துச்சண்டையில் நிறை கூடுந்தோறும் எதிர்நிற்பவரின் உயரமும் கைந்நீளமும் பெரும்பாலும் கூடும். நம் கை எட்டாத தொலைவிலிருந்தே அவர் அடி வந்து விழும். உண்டு நிறையை ஏற்றலாம். கையை நீட்ட இயலுமோ? ஒத்தாரோடு ஒத்தார் பொருதற்கென்றே நிறைப்பிரிவு வகுத்தனர். அந்நீதி இவர்க்குக் கிட்டவில்லை.

ஆயினும் இரக்கத்துக்குரியவராக அவரை எண்ணற்க. லண்டனில் முதலில் எதிர்நின்ற போலந்தின் கரோலினா மிகால்சுக், 2008இல் 54 கிலோவில் உலக வாகை சூடியவர். அவரை 19-14 என வென்றார். துனீசியாவின் மரூவா ரஹாலியை 15-6 என வென்றார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்சிடம் 6-11 எனத் தோற்று வெண்கலம் பெற்றார். அந்த ஆடம்சே அப்பிரிவின் பொன்னையும் கொண்டார். யாம் இவ்வெண்கலத்தை ஐந்து பொன்னினும் மேலாகவே மதிக்கின்றோம். எம் தோழர் சிலர் இதனை ஒப்பார்.

2018இல் டெல்லியில், 48 கிலோவுக்கு மீண்டு, ஆறாம் முறை உலக வாகை சூடினார். டோக்கியோ ஒலிம்பிக்கிலோ மகளிர்க்குரிய மிகச் சிறிய பிரிவு மீண்டும் 51 கிலோவே. 2021 ஜூலையில் ஆங்குக் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவை எதிர்த்து நின்றார். நடுவர் ஐவருள் இருவர் மேரி கோம் பக்கம், மூவர் மறுபக்கம்.