கொள்ளைநோய் போயிற்று, பாடமும் போகலாமா?



மழை பெய்யும்போது கூரை வேய ஓடுகிறவனைக் கண்டு உலகம் நகைக்கும். மழை ஓய்ந்து வெயில் எறித்த பின்னும் வேயாமல் இருப்பவனை என்னவென்று சொல்வது? 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், கொரோனா உலகளாவிய பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. அதே நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. இந்நோயால் நம் நாட்டில் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், தமிழகத்தில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. கணக்கில் சேராதவர்கள் இன்னும் பலர் என்பர் ஆய்வாளர்.

இன்றோ, முகக்கவசம் வீட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்பதும் நமக்கு நினைவில்லை. துன்பத்தை மறப்பது இறைவன் மனிதனுக்கு அருளிய ஆறுதல். துன்பம் கற்பித்த பாடத்தை மறப்பதோ அசட்டை. 1918ஆம் ஆண்டில் பரவிய இன்புளுயன்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் நம் பாட்டன்மாரிடம் கேட்டறிந்தோம்? ஆகவே இம்முறையேனும் சிலவற்றை எழுதி வைப்பது நம் கடமை.

மலையடிவாரத்தில் கண்டது

நாம் பணியாற்றும் திருவண்ணாமலை, மக்கள் கூட்டத்தால் வாழும் ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான மக்கள் நடப்பார்கள். 2020 மார்ச்சில் அந்த நடை தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அத்தடை தொடர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் 2,668 அடி உயர மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் எரிந்தது. ஆனால் வெளியூரார் வரவில்லை, மாட வீதிகளில் தேர் ஓடவில்லை.

பூக்கட்டுவோர், கற்பூரம் விற்போர், ஆட்டோ ஓட்டுவோர், விடுதிகளில் பாத்திரம் துலக்குவோர், யாத்திரிகர் இடும் சோற்றை நம்பி வாழும் சாதுக்கள் ஆகிய அனைவரின் பிழைப்பும் ஒரே நாளில் நின்றது. இவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு. பூ விற்கும் ஒரு தாய் அந்நாட்களில் நம்மிடம் சொன்னார்: “சாமி, நோய் வந்தா பத்து நாள்ல தெரியும், பசி இன்னைக்கே தெரியுதே.”

பொதுச் சுகாதாரத்தின் முதற்பாடம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அன்றாடம் உழைத்து உண்பவனிடம் ‘வீட்டிலேயே இரு’ என்று சொல்லுமுன், அவன் வீட்டு அடுப்பு எரிய வழி செய்ய வேண்டும். பசித்தவன் வெளியே வருவான். அவனைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை. நம் வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி மூட்டைகளுடன் சென்றபோது, கத்தோலிக்கர் யார், அல்லாதவர் யார் என்று பாராமல், சாதுக்களுக்கும் அளந்து கொடுத்தனர். அது நன்று. ஆயினும் தர்மத்தை மட்டும் நம்பி ஒரு நாடு கொள்ளைநோயை எதிர்கொள்ள இயலாது. ரேஷன் அட்டை இல்லாதோர் எவர், முதியோர் உதவித்தொகை பெறாதோர் எவர் என்பதை நோய் வருமுன்னரே அறிந்து, அவர்களுக்கு உரியதைப் பெற்றுத் தர வேண்டும்.

இவ்வூர் கொள்ளைநோய்க்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவியபோது மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர். மலைக்குகையில் வாழ்ந்த ரமண மகரிஷியும் அக்காலத்தில் சுமார் ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்தார் என அவர் வரலாறு கூறுகிறது. அன்று மக்கள் அறிந்த பெரிய மருந்து ஊரைவிட்டு விலகுவதே. நமக்கும் முதல் மாதங்களில் விலகியிருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஓராண்டுக்குள், 2021 ஜனவரி 16ஆம் நாள், நம் நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. பாட்டன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே அறிவியல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. அறிவியலையும் இறைவன் தந்த அருங்கொடையாகவே நாம் ஏற்கிறோம்.

அச்சம் என்னும் நோய்

அறிவியல் வளர்ந்த அளவுக்கு நம் மனம் வளர்ந்ததா? 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. பிறர் உயிர் காத்தவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே, அவ்வாறு தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாக மறைக்கல்வியில் கற்றவர்கள் நாம். உயிருக்கு அஞ்சாமல் இறந்தோரைப் புதைத்த தோபித்தின் வரலாறும் நாம் அறிந்ததே.

நம் பங்கில் ஒரு வீட்டில் நோய் கண்டதும் வாசலில் தகரம் அடித்தார்கள். குணமடைந்த பின்னும் உறவினர் அந்தப் படி ஏறவில்லை. எதிர் வீட்டு அம்மாள் மட்டும் நாள்தோறும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து, தகரத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, விலகி நின்று குரல் கொடுப்பார். அவர் அண்ணாமலையாரின் பக்தை. நல்ல சமாரியனின் உவமையை நம் பிரசங்கங்களைவிட அவர் தெளிவாக விளக்கினார். விலகி நிற்பது வேறு, விலக்கி வைப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம்.

சட்டமும் தொண்டும்

பம்பாயில் பிளேக் பரவியதையொட்டி 1897இல் ஆங்கிலேயர் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம் மிகச் சிறியது. அரசு என்ன அதிகாரம் கொள்ளலாம் என்பதே அதன் பேச்சு. 1939இல் நம் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டமோ குடிநீர், சாக்கடை, உணவு, சந்தை, திருவிழா என ஒவ்வொன்றிலும் உள்ளாட்சி செய்ய வேண்டிய கடமைகளை வகுத்தது. அதற்கு முன்பே, 1920களில், பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறையும் இங்கு அமைந்தது. நோயாளிக்கு மருந்து தருவது ஒன்று. ஊர் நோயுறாமல் காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்த முன்னோரின் விவேகமே, ஊசிப் பெட்டியுடன் தெருத்தெருவாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர் வடிவில் நம்மைக் காத்தது.

ஆனால் அடித்தளத்துக்கு நாம் செலவிடுவது போதாது. 2025க்குள் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 2.5 பங்கை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை கூறியது, அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினோம். குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் நிலையான ஊதியமும் வேண்டும் என்று அதன்பின் எத்தனை முறை குரல் கொடுத்தோம்? கைதட்டல் அவர் வீட்டு உலையில் அரிசியாகாது.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறாது போடுவோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களையே இந்நோய் கடுமையாக வாட்டியது. ஆதலால் பெரியவர்களுக்குக் காலந்தோறும் பரிசோதனை செய்வோம். 2021 ஆகஸ்டு முதல் அரசே வீடு தேடிவந்து இப்பரிசோதனை செய்யத் தொடங்கியது. கைபேசியில் வரும் மருத்துவச் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்போம். வதந்தியும் தொற்றுநோயே.

ஒவ்வொரு பங்கிலும் தனித்து வாழும் முதியோர், படுத்த படுக்கையாயிருப்போர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் இருக்கட்டும். பங்கிலுள்ள செவிலியர்கள் இளைஞருக்கு முதலுதவி கற்பிக்கட்டும். கிராம சபைக் கூட்டத்துக்குச் சென்று குடிநீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் கேள்வி கேட்பதும் கிறிஸ்தவக் கடமையே.

இறுதியாக ஒன்று. நம் திருவிழாக்களில் கொடிமரத்துக்கும் தேருக்கும் மின்விளக்குக்கும் தாராளமாகப் பணம் திரட்டுகிறோம். வருகிற மக்களுக்குத் தூய குடிநீரும் கழிப்பறையும் அமைக்க எத்தனை பங்குகள் திரட்டுகின்றன? புனிதரின் பெயரால் கூடும் கூட்டம் நோயைச் சுமந்து வீடு திரும்புவது எந்தப் புனிதருக்கும் மகிமையன்று.

2025 மே 20ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை, வருங்காலப் பெருந்தொற்றுகளைச் சந்திக்க ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. நல்ல செய்தி. ஆனால் ஜெனீவாவில் ஏற்ற உடன்படிக்கை தானாக நடந்து நம் தெருவுக்கு வந்துவிடாது. நம் தெருவைக் காக்கும் வேலை நம்மிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த நோய் எப்போது வரும் என்பதை இறைவன் ஒருவரே அறிவார். வரும்போது பசித்தவனும் தனித்தவனும் இறந்தவனும் நம்மிடையே கைவிடப்படாதிருக்க, இன்றே ஆயத்தமாவோம்.