ஆச்சியின் மாத்திரைத் தட்டு

1986-இல் நாங்கள் திருநெல்வேலியிலிருந்து அன்றைய பம்பாயின் மாதுங்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, அம்மாவுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. தெருமுனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த மராட்டிய டாக்டருக்கோ தமிழ் தெரியாது. ஆயினும் ஓராண்டுக்குள், "நெஞ்சைக் கரிக்குது" என்று அம்மா சொன்னால் அவருக்கு விளங்கிவிடும். அவருடைய கம்பவுண்டர் கலக்கித் தந்த மிக்ஸ்சரையும், வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் வெட்டுக் காகிதம் ஒட்டிய சீசாவையும் எம் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். குழந்தைக்கு அம்மை, பெரியவருக்கு நீரிழிவு, வேலை போன கவலையில் உறக்கமின்மை, எல்லாம் அவரிடமே. அவர் காலமான பின் அவ்விடத்தில் கைப்பேசிக் கடை வந்துவிட்டது.

எம்.பி.பி.எஸ். முடித்த எங்கள் மகள், குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கப் போவதாகக் கூறிய நாளில் அந்த டாக்டரின் நினைவே எங்களுக்கு எழவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். "காய்ச்சல், இருமல் பார்க்க மேற்படிப்பு எதற்கம்மா? இதயம், எலும்பு என்று ஏதேனும் எடுக்கக்கூடாதா?" என்றோம்.

தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டத்துக்கு மூன்றாண்டுப் பயிற்சி என்றாள். பொது மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு, அறுவை எனப் பல துறைகளிலும் பணியாற்ற வேண்டும். சிசுவின் தடுப்பூசி முதல் படுக்கையில் கிடக்கும் முதியவரின் வலி தணிப்பது வரை அதன் எல்லை. எதைத் தானே பார்ப்பது, எதை அன்றே வல்லுநரிடம் அனுப்புவது என அறிவதே கடினமாம். இத்துறையில் வல்லுநர் வேண்டுமென 2002-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையே கூறியிருந்தும், பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இதற்கெனத் தனித்துறை இல்லை. அதையும் அவள் மறைக்கவில்லை. எங்கள் மனக்குறையோடுதான் சேர்ந்தாள்.

இரண்டாம் ஆண்டில் விடுமுறைக்கு வந்திருந்தாள். எண்பதைக் கடந்த அம்மா அவ்வாரம்தான் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்திருந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மகள் ஆச்சியின் மாத்திரைகளையெல்லாம் ஓர் எவர்சில்வர் தட்டில் பரப்பி, அட்டைகளின் பின்புறச் சிறு எழுத்துகளைப் படித்தாள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் என்னும் ஒரே மருந்தை, இரு டாக்டர்கள் இரு வேறு கம்பெனிப் பெயர்களில் எழுதியிருந்தனர். அது மிகுந்து கால் வீங்க, வீக்கத்துக்கு மூன்றாமவர் நீர் பிரிய மாத்திரை தந்திருந்தார். எழுந்தால் தலைசுற்றாமல் என்ன செய்யும்? மூவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படவில்லை. மாதந்தோறும் மூன்று சீட்டுகளையும் கடைக்குக் கொண்டுசென்ற எங்கள் கண்ணிலும் படவில்லை.

உடனே நிறுத்திவிடுவாள் என எண்ணினோம். அவளோ ஆச்சியைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தாள்; அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, முதலில் பார்த்த டாக்டரிடம் மறுநாளே கொண்டுசென்றாள். அவர் தாளைப் படித்துவிட்டு இரண்டு மாத்திரைகளை அடித்தார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

கல்யாண வீடுகளில், "மகள் எதில் ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்போரிடம் நாங்கள் இன்னமும் ஒரு கணம் தயங்குகிறோம். அம்மா முந்திக்கொள்வார்: "நம்ம பழைய டாக்டர் பார்த்தாரே, அந்த வைத்தியம்தான் படிக்கிறா."