ஓகா கோட்டைக் குறிப்புகள்

ஜப்பானின் பூங்கோ-தகெதா நிலையத்தில் ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு: ‘கோஜோ நோ த்ஸுகி’. பாழ்கோட்டை நிலா என்று சொல்லலாம். மலையேறும் முன்பே கோட்டை காதில் விழுந்துவிட்டது.

*

மேலே போகும் படிகளின் ஓரச் சுவரில் அரைவட்டமாகச் செதுக்கிய கற்கள். ‘கமபோக்கோ கல்’ என்கிறார்கள். கமபோக்கோ, மீனை அரைத்து அதே வடிவில் வேகவைக்கும் பண்டம். தடவிப் பார்த்தேன். குளிர்ச்சி, வழவழப்பு, பாசி.

*

கோட்டை மலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர். பாறை ஆஸோ எரிமலை கக்கியது. கொதிக்கும் சாம்பல் வந்து படிந்து, தன் சூட்டிலேயே உருகி இறுகியிருக்கிறது. இனபா, ஷிரதாகி ஆறுகள் இரு பக்கமும் அறுத்து அதைச் செங்குத்தாக்கிவிட்டன. பாதி மதிலை ஆறுகளே கட்டிவிட்டன.

*

1586இல் சத்ஸுமா நாட்டிலிருந்து ஷிமாஸு குலத்தின் படை வந்தது. ஷிகா சிகத்ஸுகு என்ற இளைஞர், இருபதை ஒட்டிய வயது, திரும்பத் திரும்ப விரட்டினார். 1594இல் வந்த நககாவா குடும்பம் இன்றைய கல்மதில்களை எழுப்பியது. அப்படிப்பட்ட கோட்டையை 1874இல், மேய்ஜி ஆட்சியில், பிரித்துப் போட்டார்கள். மரக்கட்டடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெறும் புல்தரையில் நிற்கும்போது அதுதான் மனத்தை அறுக்கிறது.

*

ரயில் நிலையத்தில் கேட்ட பாட்டின் இசையமைப்பாளர் தகி ரெந்தாரோ. தகெதாவுக்கு வந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் கண்ட கோட்டையும் இதேதான்: கல், புல், காற்று. 1901இல் அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தார். 1903இல் காசநோயில் இறந்தார். வயது 23. இங்கிருக்கும் அவர் சிலையை வடித்தவர் அஸகுரா ஃபுமியோ. அதே ஊர்ப் பள்ளியில் உடன் படித்தவர். முகத்தை நினைவிலிருந்தே செய்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சொற்களை எழுதிய தோய் பன்ஸுய் நினைத்தது வேறு கோட்டைகளை: செந்தாயின் அவோபா, அய்ஸுவின் த்ஸுருகா. எனவே பல ஊர்கள் பாட்டுக்கு உரிமை கொண்டாடுகின்றன. நான் தகெதா பக்கம். மெட்டில் இருக்கும் வெறுமை, அரண்மனை நின்றதைக் கண்டவரின் துயரம் அல்ல. இல்லாத அரண்மனையைக் கற்களுக்கு நடுவே ஓடியாடித் தேடிய பிள்ளையுடையது.

*

மதில் விளிம்பில் கைப்பிடி கிடையாது. குப்புறப் படுத்து மெல்ல எட்டிப் பார்த்தேன். காரை இல்லாமல் அடுக்கிய கற்கள், மூலையில் வில்லாக வளைந்து மரங்களுக்குள் இறங்கிப் போகின்றன. கீழே எங்கோ தண்ணீர்ச் சத்தம்.