நான்கு சிஸ்டர்களைப் பெற்ற அப்பா

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி முதன்முதலில் யார் வீட்டுத் திண்ணையில், யார் போட்ட காசில் ஆரம்பமானது தெரியுமா? தெரியாது. எனக்கும் நான் வேலை பார்த்த ஆபீஸ்களைப் பற்றித் தெரியாது. ஆயுத பூஜை அன்றைக்கு முதலாளியின் அப்பா படத்துக்கு மாலை போடுவார்கள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்போம். நமக்கு ஒண்ணாம் தேதி ஞாபகம் இருந்தால் போதும்!

கன்னியாஸ்திரிகள் அப்படியில்லை. தங்கள் சபை முளைத்த ஊரை ஆயுளில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நாம் குலதெய்வம் கோயிலுக்குப் போவதில்லையா, அந்த மாதிரி. என்ன, நம் குலதெய்வம் விழுப்புரம் தாண்டி உட்கார்ந்திருக்கும். இவர்கள் விமானம் ஏற வேண்டும்.

என் அக்காவுக்குப் பாண்டிச்சேரியில் பாடம் எடுத்த சிஸ்டர் ஒருவர், ரிட்டயரான பிறகு அப்படிப் போய் வந்தார். க்ளூனி புனித சூசையப்பர் சபை. 1827-லேயே பாண்டிச்சேரிக்கு வந்துவிட்ட சபை. ரோமன் ரோலண்ட் வீதியில் பெண்கள் எம்பிராய்டரி போடும் பழைய வீடு ஒன்று இருக்கிறதே, அது இவர்களுடையதுதான்.

"ஈஃபில் டவர் பார்த்தீங்களா சிஸ்டர்?" என்று ஆரம்பித்தேன்.

"பஸ் ஜன்னல்ல தெரிஞ்சுது தம்பி. நல்ல உசரம்."

அவ்வளவுதான். ஈஃபிலுக்கு அதற்கு மேல் மார்க் இல்லை.

சிஸ்டர் பார்க்கப் போனது பர்கண்டிப் பக்கம் ஷாம்ப்ளான் என்ற கிராமத்தை. அங்கே பல்தசார் ஜாவுஹே என்று கொஞ்சம் வசதியான விவசாயி இருந்தார். அவர் மகள் ஆன் மரி 1779-ல் பிறந்தவள். வீட்டில் செல்லமாக 'நானெத்'. அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். அரசாங்கம் கேட்ட பிரமாணத்தை எடுக்க மறுத்த பாதிரியார்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். நானெத் அவர்களை ஒளித்து வைத்தாள், ரகசியப் பூசைக்குக் காவல் நின்றாள். 1798 நவம்பர் 11 அன்று அப்படி ஒரு பூசையில், தன் வாழ்க்கை இனி கடவுளுக்கு என்று வாக்குக் கொடுத்தாள். வயது பத்தொன்பது.

அப்பா என்ன செய்தார்? நம்ம ஊர் அப்பா செய்வதைத்தான். கூடாது என்றார்.

பெண் கேட்கவில்லை. பெசான்சோனில் ஒரு சபையில் சேர்ந்தாள், திரும்பி வந்தாள். சுவிட்சர்லாந்தில் ஒரு மடம், அங்கிருந்தும் வந்தாள். நடுநடுவே சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள் ஆரம்பித்தாள், இழுத்து மூடினாள். நான் பி.காம்., என் புத்தி கணக்கில்தான் போகும். எட்டு வருஷம் தொடர்ந்து நஷ்டம் காட்டினால் எந்த பாங்கில் கடன் தருவான்? கை கொடுத்தது, முதலில் கூடாது என்ற அதே அப்பாதான்.

1807 மே 12 அன்று ஷாலோன் நகரத்து மாதா கோயிலில் ஒன்பது பெண்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சபை பிறந்தது. அந்த ஒன்பதில் நான்கு பேர் பல்தசாரின் மகள்கள். சிஸ்டர்களிலேயே நான்கு பேர் நிஜ சிஸ்டர்கள்! ஒரு பெண்ணைத் தடுக்கப் போன மனுஷன், நான்கு பேரைக் கொடுத்துவிட்டு நின்றார். கொடுத்ததோடு விட்டாரா? 1812-ல் க்ளூனி ஊரில் ஒரு பழைய மடத்தையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தார். சபைக்கு அந்த ஊர் பெயர் வந்தது அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அதே க்ளூனியில் 910-ல் தொடங்கிய பெரிய மடாலயம் ஒன்று இருந்தது. ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் அதுதான். புரட்சியில் அதை ஏலம் போட்டுவிட்டார்கள். இந்தப் பெண்கள் குடிவந்த சமயம், அதைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அதில் மிச்சம் கொஞ்சம்தான். விவசாயி வாங்கிக் கொடுத்த மடத்துக்காரர்களோ 1817-ல் ரீயூனியன் தீவு, 1819-ல் செனகல் என்று கப்பல் ஏறிவிட்டார்கள்.

ஆன் மரி 1828-ல் தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவுக்குப் போனார். அடிமைக் கப்பல்களில் பிடிபட்ட சுமார் 500 ஆப்பிரிக்கர்களை விடுதலைக்குத் தயார்செய்யும் பொறுப்பை 1835-ல் அரசாங்கம் அவரிடம் கொடுத்தது. 1838-ல் 185 பேர் விடுதலையானார்கள். பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை முடிவாக ஒழித்ததே 1848-ல்தான். தோட்ட முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம் ஒரு பிஷப்போடு அதிகாரத் தகராறு. அதனால் சுமார் இரண்டு வருஷம் அவருக்கு நற்கருணையே மறுக்கப்பட்டது. மன்னர் லூயி பிலிப் அவரைப் 'பெரிய ஆம்பளை' என்று சொன்னதாகச் சொல்வார்கள். ராஜாவுக்கே பாராட்டத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்!

"இதெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கே சிஸ்டர். அங்க போய் என்ன புதுசா பார்த்தீங்க?"

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாரும் மதரை நினைச்சு முட்டி போட்டாங்க. நானும் போட்டேன். எனக்கென்னவோ அவங்க அப்பா ஞாபகம்தான் வந்துது. எங்கப்பாவுக்குக் கடலூர் பக்கம் மூணு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. நான் மடத்துக்குக் கிளம்பினப்போ கொல்லையை விட்டு வெளியவே வரலை. மூணு வருஷம் ஒரு கடுதாசி கிடையாது. வார்த்தைப்பாட்டு அன்னிக்கு வந்தாரு. கடைசி பெஞ்சுல உக்காந்தாரு. சாப்பிடாமலே போயிட்டாரு. போனப்புறம் பார்த்தா, சமையக்கட்டு வாசல்ல ஒரு மூட்டை மல்லாட்டை."

"அப்புறம் அவர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினோம். மழை, விளைச்சல்னு பேசினோம். அந்த மூட்டையைப் பத்தி அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. இப்ப அவர் இல்லை. ஷாம்ப்ளான்ல அவர் பேரைச் சொல்லி ஒரு செபமாலை சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன்."

பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப பிரான்ஸ்ல பொண்ணுங்க சேர்றது அபூர்வம் தம்பி. நம்ம ஊர்லயும் குறைஞ்சுட்டு வருது. வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டுதான் பிள்ளை. எந்த அப்பாவுக்கு மனசு வரும்?" என்றார்.

முதல் போட்டவரின் பணத்தை பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுதக்கூடாது, கடன் பக்கம்தான் எழுத வேண்டும் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். நிறுவனம் அவருக்குப் பட்ட கடன் அது. ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்த விஷயம். அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

கிளம்பும்போது சிஸ்டர் கேட்டார்: "உங்கப்பா சௌக்கியமா?"

"ஊர்ல இருக்கார் சிஸ்டர். நல்லா இருக்கார்."

"போன் பண்றியா?"

"அம்மாகிட்ட பேசுவேன். அவர் பக்கத்துல இருந்து கேட்டுப்பார்."

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியாரம்மா. தப்பான விடையைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.