எட்டெழுத்து

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் போடும் பழக்கமுள்ளவர்களுக்கு 'ஸ்பின்ஸ்டர்' தெரிந்த சொல். 'மணமாகாத முதியவள்' என்று குறிப்பு இருக்கும், ஆங்கிலத்தில் எட்டெழுத்து. 'பேச்சிலர்' என்பதற்கும் எட்டெழுத்துதான். அவனுக்குரிய குறிப்பில் வயது இருக்காது, மணமாகாதவன், அவ்வளவே. பல்கலைக்கழகங்கள் முதல் பட்டத்துக்கே அவன் பெயரை வைத்திருக்கின்றன. நானும் அந்தப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் நாற்பத்தாறு வயதில், மணம் செய்துகொள்ளாமல் வாழும் என்னை அந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை.

எனக்கென்று அகராதி ஒதுக்கியிருப்பது ஸ்பின்ஸ்டர். அதன் முதற்பொருள் நூற்பவள். ஸ்பின் என்றால் நூற்றல். ஸ்டர், பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெய்தவள் வெப்ஸ்டர், ரொட்டி சுட்டவள் பேக்ஸ்டர், பியர் வடித்தவள் ப்ரூஸ்டர். பின்னாளில் இவையெல்லாம் தந்தைவழிக் குடும்பப் பெயர்களாயின. 1828இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட புகழ்பெற்ற அமெரிக்க அகராதிக்குள், ஆசிரியரின் பெயரிலேயே, ஒரு நெசவுக்காரி ஒளிந்திருக்கிறாள். விகுதியும் பெண்பாலை இழந்தது. இன்று அது கேங்ஸ்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெண்ணிடமே தங்கிவிட்டது ஸ்பின்ஸ்டர். அதிலிருந்து கழன்றுபோனது தொழில். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட ஆவணங்களில் அது மணமாகாதவளைக் குறிக்கும் சொல்லாயிற்று, பிறகு கேலியாயிற்று. தன் கையால் சம்பாதித்தவள் என்ற பொருள் போய், யாரும் கட்டிக்கொள்ளாதவள் என்ற பொருள் நின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேடு 2005 டிசம்பர் வரை அந்தச் சொல்லை வைத்திருந்தது. அதன்பின் இருபாலருக்கும் 'சிங்கிள்' என்ற ஒரே சொல்.

தமிழில் நாம் முதிர்கன்னி என்கிறோம். முதிர்கன்னன் இல்லை. நம் கவிதைகளில் அவள் சன்னலோரம் காத்திருப்பாள். தலையில் ஒரு நரை தெரியும். அவள் என்ன வேலை பார்க்கிறாள், தன் சம்பளத்தில் யார் யாரைப் படிக்கவைத்தாள் என்று அந்தக் கவிதைகள் கேட்பதில்லை.

நற்றிணையின் 353ஆம் பாடலை நடத்தும்போது மாணவிகளுக்கு ஸ்பின்ஸ்டரின் கதையைச் சொல்வேன். மலைமேல் தவழும் மேகத்துக்குக் கபிலர் தேடிய உவமை, ஆண் துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூல். துணையின்மையும் தொழிலும் அங்கே ஒருசேர நிற்கின்றன. துணையில்லை என்பதைச் சொன்ன கபிலர் உழைப்பைச் சொல்லாமல் விடவில்லை. நன்னூலின் பாயிரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொல்தான் பஞ்சு, வாய்தான் கை, அறிவுதான் நூற்கும் கதிர், புலவன்தான் நூற்கும் பெண். புத்தகத்துக்கு 'நூல்' என்ற பெயர் ஏன் வந்தது என்பதை நம் இலக்கணம் அவள் கையை வைத்துத்தான் விளக்குகிறது.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ உங்கள யாராவது ஸ்பின்ஸ்டர்னு சொன்னா கோபம் வராதா மேடம்?"

வரும். சொல்கிறவர் மனத்தில் இருப்பது தொழில் கழன்ற பொருள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனாலும் முதலில் கேட்கப்படுவது கணவர் பெயர். சம்பளச் சீட்டைப் பிறகுதான் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் அந்த வாடகையை மாதாமாதம் கட்டப்போகிறவள் நான்தான். பாடம் நடத்துகிறேன், கவிதை எழுதுகிறேன், அம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன். நூற்பவள் என்ற பொருளோடு சேர்த்துச் சொல்வதானால் அந்தப் பெயர் எனக்குச் சம்மதம். அதை விட்டுவிட்டுச் சொல்கிறவர்களிடம் விட்டுப்போன பாதியை நானே எடுத்துச் சொல்கிறேன்.