ஐந்து கேமரா போதும்

திங்கள்

சைதாப்பேட்டை பஜார் சாலைக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே மருந்துக்கடையும் ஜெராக்ஸ் கடையும். முதல் மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேலே ஆடிட்டர் அலுவலகம். போன வாரம் ராத்திரி, பின்சந்துப் பக்கம் மருந்துக்கடை ஏசியின் செம்புக் குழாயை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போன கட்டட உரிமையாளரிடம் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி: "சிசிடிவி இருக்கா, அண்ணாச்சி?"

சென்னையில் இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. ஏ.கே.விசுவநாதன் மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா மாட்ட வைத்தார்கள். வணிகர்களும் குடியிருப்போரும் கைக்காசைப் போட்டு மாட்டினார்கள். அண்ணாச்சியின் கட்டடம் உட்புறச் சந்தில் இருந்ததால் அந்த அலைக்குத் தப்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் கொட்டேஷன் வந்தது. எட்டு கேமரா, பதிவு செய்ய எட்டு சேனல் டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கூலியோடு 38 ஆயிரம் ரூபாய்.

செவ்வாய்

கொட்டேஷன் கொடுத்த தம்பி சைட் பார்க்க வந்தார். "எட்டு போட்டாதான் ஒண்ணும் தப்பாது அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்று வந்தார்.

"ஏம்ப்பா, மேல ஏற வழி ஒண்ணுதானே?"

"ஆமா."

"அப்ப மாடிக்கு ஒண்ணு வீதம் எதுக்கு?"

நடந்து முடித்தபோது கணக்கு ஐந்துக்கு இறங்கியிருந்தது. கேட், படிக்கட்டுத் திருப்பம், பைக் நிற்கும் முன்பக்கம், மோட்டாரும் ஈபி மீட்டரும் இருக்கிற பின்சந்து, மருந்துக்கடைக் கல்லா. எவன் எங்கே போனாலும் கேட்டையோ பின்சந்தையோ தாண்டாமல் போக முடியாது. மொட்டை மாடி மூலையில் ஒரு கேமரா வைத்துத் தெரு முழுவதையும் பிடிக்கலாம் என்ற யோசனையையும் அண்ணாச்சி தள்ளிவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் தெரியும். முகம் வேண்டுமென்றால் எட்டு, ஒன்பது அடி உயரம் போதும்.

புதன்

இன்று லென்ஸ் பேச்சு. 2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்ட, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது விழ வேண்டும் என்றது ஐஇசி 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் அதில் பாதி, 125 போதும். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். படத்தில் அதைவிட அகலமான இடம் தெரிந்தால் ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது.

கடைகளில் பெரும்பாலும் கையில் எடுத்துக் கொடுப்பது 2.8 மிமீ லென்ஸ். ஏறக்குறைய 100 டிகிரிக்குப் பரந்து பார்க்கும்; டிவியில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூன்று மீட்டர் தாண்டினாலே முகம் கரையத் தொடங்கும். அதே விலைக்கு 6 மிமீ லென்ஸ் வாங்கினால் பார்வை பாதியாகச் சுருங்கும், அடையாளம் எட்டு மீட்டர் வரை நிற்கும். கேட்டுக்கும் பின்சந்துக்கும் 6 மிமீ, கல்லாவுக்கும் படிக்கட்டுக்கும் 2.8, பைக் நிற்கும் இடத்துக்கு இடைப்பட்ட 3.6 என்று முடிவானது. இதற்குக் கூடுதல் செலவு கிடையாது. கொட்டேஷனில் 'புல்லட் கேமரா' என்று மட்டும் இருந்த வரியில் மிமீயையும் எழுதி வாங்கினார், அவ்வளவுதான்.

கேட் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் முதுகில் விழ உள்ளே வருகிறவர் கேமராவில் கருநிழலாகத்தான் தெரிவார். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதியுள்ள மாடல்.

வியாழன்

ஐபி கேமராவா, பழைய கோஆக்சியல் வகையா? ஆடிட்டர் ஐபிதான் வேண்டும் என்றார். நல்ல யோசனைதான்: ஒரே லேன் கேபிளில் படமும் மின்சாரமும் போகும், கேபிள் 100 மீட்டர் வரை இழுக்கலாம், நாளைக்குக் கேமராவைக் கூட்டுவதும் சுலபம். ஆனால் கேமரா விலை கூடும், கேபிளில் மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச், பதிவு செய்யும் என்விஆர் என்று பட்டியல் நீளும். ஐந்து கேமராவும் டிவிஆரிலிருந்து முப்பது மீட்டருக்குள் அடங்கும் கட்டடத்துக்குப் பழைய வகையின் 'த்ரீ பிளஸ் ஒன்' கோஆக்சியல் கேபிளே தாராளம். மிச்சமாகும் பணம் ஹார்ட் டிஸ்குக்கு என்றார் அண்ணாச்சி.

அந்த டிஸ்க் கணக்கில்தான் கொட்டேஷன் உதைத்தது. வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் ஒரு 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால், நாளைக்கு 21.6 ஜிபி. ஐந்துக்கு 108 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஒன்பது நாளில் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு மேலே எழுதும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் பத்து நாள் கழித்து வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால், உடைத்த ராத்திரியின் படம் போயிருக்கும். 4 டிபி என்றால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும்.

டிஸ்க் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. 2020 ஜூனில் காவல் மரண வழக்கில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் சொன்னதை நாடே படித்தது: அங்கே டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றது.

வெள்ளி

ரிச்சி தெரு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், வாசல் வரை அடுக்கிய கேமராப் பெட்டிகள். பெயர் கேள்விப்படாத பிராண்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. "பழைய ஸ்டாக் சார், அதான்" என்றார் கடைக்காரர்.

பழைய ஸ்டாக் என்பதற்கு இப்போது பொருள் உண்டு. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்த விதிகள் 2025 ஏப்ரல் 9-இல் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி சிசிடிவி கேமராவின் வன்பொருளும் மென்பொருளும் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். இந்த விதிகளுக்குப் பின்னால் உள்ள பயம் வீணல்ல. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களை அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடக்கிய மிராய் தாக்குதலுக்கு ஆயுதமானவை, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். அண்ணாச்சி மாடல் எண்ணைக் காட்டிச் சான்றிதழ் கேட்டார். கடைக்காரர் வேறு பெட்டியை எடுத்தார்.

சனி

மாட்டும் நாள். கேபிள் வெளியே தொங்காமல் பைப்புக்குள் போனது. பிஎன்சி இணைப்புகள் மழை படாத பெட்டிக்குள். டிவிஆருக்கும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இன்வெர்ட்டர் லைன். ஈபி ஃபியூஸைப் பிடுங்கினாலும் பதிவு நிற்கக் கூடாது. டிவிஆரையே தூக்கிக்கொண்டு போகிற திருடர்களும் உண்டு என்பதால் அது கல்லாவுக்குக் கீழே இல்லாமல், படிக்கட்டு அடியில் பூட்டிய ரேக்குக்குள் போனது.

மதியம் டியூஷன் டீச்சர் இறங்கி வந்தார். "சார், அந்தக் கேமரா எங்க பாத்ரூம் கதவைப் பாக்குது." தம்பி கேமராவைத் திருப்பினார், மிச்சம் தெரிந்த ஓரத்தை டிவிஆர் மெனுவில் கறுப்புப் பட்டையால் மறைத்தார். பெண்களின் அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். 'கேமரா பதிவில் உள்ளது' என்ற பலகையும் கேட்டில் ஏறியது.

மொத்தச் செலவு, ஜிஎஸ்டி சேர்த்து, 30 ஆயிரத்துக்குள்.

ஞாயிறு

ராத்திரிப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பின்சந்துக் கேமராவில் மூன்று மணிக்கு மேல் வெள்ளையாக ஏதோ ஆடிக்கொண்டே இருந்தது. சிலந்தி நூல். பூச்சி வரும் இடத்துக்குச் சிலந்தியும் வரும். மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் தட்டுவது வாட்ச்மேன் வேலையில் சேர்ந்தது.

டிவிஆர் கடிகாரம் பதினோரு நிமிடம் பிந்தி ஓடியது, சரிசெய்தார்கள். படத்தில் உள்ள நேரம் தப்பாக இருந்தால் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் அதில், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. பென்டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது.

உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே கேமரா இருந்தால், புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: போன வாரத்து ராத்திரி இரண்டு மணிப் பதிவை இன்று எடுத்து ஓட்டிப் பாருங்கள். கேட்டில் நிற்பவர் முகம் தெரிகிறதா, நேரம் சரியா, பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.